நாலு மணி நேரம் தருமபுரிக்குப் போதாது

இதயம் ஏற்றிய ஆம்புலன்சுக்குச் சாலையை ஒதுக்கிக் கொடுக்கும் வீடியோ வந்தால் நானும் பகிர்வேன். 2008இல் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சில நிமிடங்களில் போனது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அது சென்னைக்குள் நடந்தது. தருமபுரியிலிருந்து ஒரு இதயம் போக வேண்டுமென்றால் போலீசார் எவ்வளவு மெனக்கெட்டாலும் போதாது. இதயத்தை எடுத்துப் போகும் பெட்டிக்குள் இருக்கும் திரவம் மாற வேண்டும் என்பது என் கட்சி.

கணக்குப் பாருங்கள். ஐஸ் பெட்டியில் வைத்த இதயத்துக்குச் சுமார் 4 மணி நேரம்தான் பாதுகாப்பான கெடு. கொடையாளியின் உடலில் ரத்த ஓட்டத்தை நிறுத்தியதிலிருந்து இன்னொருவர் உடலில் மறுபடி ரத்தம் பாயும் வரை எல்லாம் அதில் அடக்கம். தைக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். சென்னை இங்கிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். விமானம் என்றால் முதலில் தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் காமலாபுரம் போக வேண்டும். (அந்தக் கணவாயில் லாரி கவிழாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும், அது தனிக் கதை.) பெங்களூரு பக்கம்தான், ஆனால் உறுப்பு முதலில் நம் மாநிலப் பட்டியலில் காத்திருப்பவருக்குத்தான்.

சரி, ஏன் 4 மணி நேரம்? பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தை நிறுத்துகிறார்கள். துடிப்பு நின்றாலும், 4 டிகிரி குளிரிலும், செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைச் செலவழித்துக்கொண்டேதான் இருக்கும். ஆக்சிஜன் இல்லாததால் அமிலம் சேரும். சோடியத்தை வெளியே தள்ளும் வேலை நின்றுபோக, தண்ணீர் உள்ளே புகுந்து செல் வீங்கும். உறுப்புகளைப் பாதுகாக்கும் திரவங்களில் ஒன்றான, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத் திரவத்தில் உள்ள லாக்டோபயோனேட், ராஃபினோஸ் என்ற பெரிய மூலக்கூறுகள் செல்லுக்குள் போகாமல் வெளியே நின்று அந்த வீக்கத்தைத் தடுக்கின்றன. ஜெர்மனியின் கஸ்டோடியால் என்ற இன்னொரு திரவத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற பொருள், சேரும் அமிலத்தைச் சமாளிக்கிறது. இவற்றில் விஸ்கான்சின் திரவம் 1980களில் கணையத்துக்கும் கல்லீரலுக்குமாக உருவானது. இதயத்துக்கு அது இரவல் சட்டைதான்.

இப்போது ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 8 டிகிரியில், ஆக்சிஜனும் சத்தும் கலந்த திரவத்தை நின்றுபோன இதயத்துக்குள் மெதுவாக ஓடவிட்டுக்கொண்டே எடுத்துப் போகும் பெட்டி வந்துவிட்டது. கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து பாரிசுக்கு, சாதாரணப் பயணிகள் விமானத்திலேயே, இப்படி இதயத்தைக் கொண்டுபோய்ப் பொருத்தியதை 2024இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உடலுக்கு வெளியே 12 மணி நேரம்! அட்லாண்டிக்கையே தாண்டுகிற இதயத்துக்குத் தருமபுரியும் சென்னையும் ஒரு தூரமா?

விலை அதிகம், அதை மறுக்கவில்லை. ஊருக்கு ஊர் வாங்கி வைக்கச் சொல்லவுமில்லை. மாநிலத்துக்கு இரண்டு மூன்று பெட்டிகளை அரசே வாங்கி, இதயம் எடுக்கப் போகும் மருத்துவக் குழுவோடு அனுப்பலாம். திரவத்தை இங்கேயே தயாரிக்க நம் மருந்தியல் துறைகளுக்குப் பணம் கொடுக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்று சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. அப்புறம் இந்தப் பெட்டிச் செலவையும் அதிலேயே சேர்ப்பதில் என்ன தடை? நம் எம்எல்ஏக்கள் யாராவது சட்டமன்றத்தில் இதைக் கேட்டால் நல்லது.