விருதுக்கு முன்னால் துணைக்கு ஓர் ஆள்

நூலகர்களுக்கு உற்சாகம் தர விருதும் பயிற்சியும் வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான், ஆனால் எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் இருப்பவர் ஒரே ஒருவர். பூட்டைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, நாளிதழ்களை எடுத்து வைத்து, புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்துவதும் அவர்தான். அவர் விடுப்பு எடுத்தால் நூலகமே பூட்டிக்கிடக்கும். அதனாலேயே காய்ச்சலோடும் வந்து உட்கார்ந்திருப்பார். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் முதலில் துணைக்கு ஓர் ஆளைப் போடுங்கள்.

அப்புறம், அங்கே படித்து வேலைக்குப் போனவர்கள் ஒருமுறை நேரில் போய் நூலகரிடம் அதைச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரான ஒரு பெண் அப்படி வந்து சொன்ன அன்று மாலையே, போட்டித்தேர்வு நூல்களைத் தனி அலமாரியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார் எங்கள் நூலகர்.