லிச்சி வலையில் தொங்கிய அந்தப் படம்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தப் படம் கண்ணை விட்டு அகலவில்லை. எந்தப் படம் என்று மொரீஷியசில் இருக்கும் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் நான்கு பேர் அதைப் பகிர்ந்திருந்தீர்கள். லிச்சிப் பழங்களைக் காக்க மரத்தின்மேல் போர்த்திய வலையில் சிக்கிச் செத்த பழந்தின்னி வௌவாலின் சிறகுகளை இருபுறமும் இழுத்துப் பிடித்து, "திருடன் அகப்பட்டான்" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். எனக்கு நெருக்கமான ஒருவரும் அங்கே சிரித்திருந்ததைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அது திருடன் இல்லை. டச்சுக்காரர்கள் 1598இல் இங்கே கரையிறங்கியபோது இந்தத் தீவில் மனிதர் எவரும் குடியிருக்கவில்லை, வௌவால்கள் இருந்தன. நாம் கொண்டாடும் லிச்சி, சீனத்திலிருந்து கப்பலில் வந்த மரம். கரும்பும் அப்படித்தான், உங்கள் முன்னோரும் அப்படித்தான். எல்லோரும் வந்து சேர்வதற்கு முன்பே இங்கு இருந்த ஓர் உயிரைத் திருடன் என்று அழைக்க யாருக்கு மனம் வருகிறது என்பது எனக்குப் புரியவில்லை.

மொரீஷியசும் ரொட்ரிக்ஸும் அடங்கிய மஸ்கரீன் தீவுகளில் மூன்று வகைப் பழந்தின்னி வௌவால்கள் இருந்தன. அவற்றில் சிறிய வகை ஒன்று 19ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போய்விட்டது. ரொட்ரிக்ஸ் தீவின் பொன்னிற வௌவால் 1970களில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கியது. உயிரினப் பாதுகாவலர் ஜெரால்ட் டரல் 1976இல் வந்து சிலவற்றை எடுத்துச் சென்று ஜெர்சித் தீவில் இருந்த தன் விலங்குக்காட்சியகத்தில் வளர்க்கத் தொடங்கினார். ரொட்ரிக்ஸில் காடும் பாதுகாப்பும் சற்றுத் திரும்பியதும் அது மீண்டு, இன்று ஆயிரக்கணக்கில் பறக்கிறது. மூன்றாவதுதான் நம் தலைக்கு மேல் பறக்கும் இந்தக் கரிய வௌவால். பழத்தோட்டங்களைக் காப்பதாகச் சொல்லி 2015இல் மட்டும் அரசு நடவடிக்கையில் 30,000க்கும் மேற்பட்டவை சுட்டுக் கொல்லப்பட்டன. அடுத்த ஆண்டும் சுட்டார்கள், 2018இலும் சுட்டார்கள். அந்த 2018இல்தான் அழிவை நோக்கிப் போகும் உயிர்களை வரிசைப்படுத்தும் உலகச் செம்பட்டியலில் இது அழியும் நிலையில் உள்ள உயிராக ஒரு படி மேலே ஏற்றப்பட்டது. ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி ஈனும் விலங்கை இப்படிச் சுட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை.

"விவசாயியின் நட்டம் உனக்குத் தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியும். வௌவால் லிச்சி தின்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மைனாவும் செம்மீசைச் சின்னானும் பச்சைக்கிளியும் தின்பதை ஏன் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை? காற்றில் உதிர்வதும், பறிக்காமல் மரத்திலேயே பழுத்து வீணாவதும் யார் கணக்கில் சேர்கின்றன? இவ்வளவு சுட்ட பிறகாவது தோட்டங்களின் வருமானம் உயர்ந்ததா? உயரவில்லை என்றே இங்குள்ள ஆய்வாளர்கள் எழுதினார்கள். மரத்தின் தலையை வெட்டித் தாழ்வாக வளர்த்து, சிறிய கண்ணுள்ள வலையை விறைப்பாகக் கட்டினால் பழமும் தப்பும், வௌவாலும் தப்பும். தளர்வாகத் தொங்கவிட்ட வலைதான் கொல்கிறது. இதை எத்தனை முறை எழுதுவது?

நோய் பரப்பும் என்பவர்களுக்கு ஒரே பதில்தான்: தொடாதீர்கள், அது உங்களைத் தேடி வரப்போவதில்லை.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை ஆலமரத்தில் வௌவால்கள் தொங்கும். என் அப்பத்தா விடியற்காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போவார். வௌவால்கள் இரவில் இலுப்பைப் பழத்தைத் தின்று, சதையைச் சப்பிவிட்டுப் போட்ட கொட்டைகள் சுத்தமாக அங்கே கிடக்கும். பொறுக்கிக் காயவைத்து, செக்கில் ஆட்டிய எண்ணெயில்தான் கோயில் விளக்கு எரிந்தது. "நமக்காக உரிச்சுப் போட்டிருக்கு" என்பார். பக்கத்தில் வேட்டங்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்த எனக்கு அந்தச் சிரிப்பு வலிக்கத்தான் செய்யும்.

அப்பத்தா கண்ட அதே வேலையைத்தான் இந்த வௌவால் இங்கும் செய்கிறது. டோடோ பறவை போய்விட்டது, பேராமைகள் போய்விட்டன. காட்டு மரங்களின் பெரிய விதைகளைத் தூக்கிச் செல்ல இந்தத் தீவில் இதை விட்டால் ஆள் இல்லை என்றே சொல்லலாம். மிஞ்சியிருக்கும் இயற்கைக் காடு நிலப்பரப்பில் 5 விழுக்காடுகூட இல்லை. அதற்குள்ளும் சீனக் கொய்யா புதராக மண்டி மற்ற மரங்களைக் காய்க்கவிடாமல் நெரிக்கிறது. விடுமுறையில் பிளாக் ரிவர் காட்டுக்குப் போய் வாளி வாளியாகப் பறித்து வருகிறோமே, அந்தக் கொய்யாதான். காட்டில் உணவு குறைந்தால் வௌவால் ஊருக்குள் வராமல் எங்கே போகும்?

"பிழைக்க வந்தவள் எங்களுக்குப் பாடம் நடத்துகிறாள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பதினோரு ஆண்டுகளாக ரோஸ் ஹில்லில் இருக்கிறேன், காவடித் திருநாளில் உங்களோடு வெறுங்காலில் நடக்கிறேன். என்றாலும் ஒரு வௌவாலுக்காகப் பேசினால் அன்னியளாகிவிடுகிறேன். சரி, என்னை விடுங்கள். என் எதிர்வீட்டுத் தோந்தோன் (பெரியவரை இங்கே மாமா என்பதுபோல் அப்படித்தான் அழைப்போம்) ஐந்து தலைமுறையாக இந்த மண்ணைச் சேர்ந்தவர். போன நவம்பரில் அவர் வீட்டு வலையில் ஒன்று சிக்கியபோது என்னைத்தான் கூப்பிட்டார். நான் பழைய துண்டால் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன், அவர் கத்தரிக்கோலால் நூலை ஒவ்வொன்றாக வெட்டினார். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. மொத்தமாக அரைக் கிலோதான் இருக்கும். கழுத்தைச் சுற்றி நரிக்குட்டி போல மென்மையான ரோமம். கண்கள் என்னையே பார்த்தன. சிறகின் மடிப்பை விலக்கியபோதுதான், மார்போடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி இருப்பது தெரிந்தது. தோந்தோன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாளே அந்த வலையைக் கழற்றிவிட்டார்.

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் ஒரு முறை அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். விரித்துப் பிடித்த வலச்சிறகுக்குக் கீழே, கட்டைவிரல் ஓரமாக, ரோமத்தைப் பற்றியபடி நான்கு சிறு நகங்கள் தெரிகின்றன.