ஸூனாருக்கு 43 ஆண்டுச் சிறையா? இல்லை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு நாளாக ஒரு செய்தி சுற்றுகிறது: "அரசியல் கேலிச்சித்திரக்காரர் ஸூனாருக்கு 43 ஆண்டுச் சிறை, உடனே பகிருங்கள்." கூடவே ஒரு படம்: கைகள் விலங்கில், தூரிகை வாயில். என் அத்தைகூட பதறிப்போய் அனுப்பியிருந்தார்.

இது உண்மையல்ல. அந்தப் படம் ஸூனார் தன்னைத் தானே வரைந்த ஓவியம். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிமின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பற்றி டுவிட்டரில் எழுதியதற்காக, 2015 ஏப்ரலில் அவர்மீது தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் 9 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. எல்லாமே நிரூபணமானால் அதிகபட்சம் 43 ஆண்டுகள் கிடைக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது. அந்த எண்தான் இப்போது தண்டனையாக மாறிவிட்டது. 2018 ஜூலை 30 அன்று அரசுத் தரப்பு வழக்கை மீட்டுக்கொள்ள, கோலாலம்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த வார நாளிதழ்களிலும் மலேசியாகினி தளத்திலும் தேடினால் கிடைக்கும்.

அதன்பிறகும் அவர் வரைந்துகொண்டுதான் இருந்தார். 2021இல் கெடா மாநிலத்தில் தைப்பூச விடுமுறை ரத்தானபோது அங்குள்ள மந்திரி பெசாரை (மாநில முதல்வரை) விமர்சித்துச் சித்திரம் போட்டார். அதற்காகப் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்துக்கு விசாரணைக்கும் போனார். நமக்காகக் கோடு போட்ட மனிதரைப் பற்றி நாமே பொய் பரப்புவது எனக்கு வலிக்கிறது.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.