மேற்கு ஜன்னலுக்கு நிழல் வெளியே வேண்டும்

அடுக்கக வீடுகளின் உள் அலங்காரம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; ஃபால்ஸ் சீலிங் (கூரைக்குக் கீழே பொருத்தும் இன்னொரு பலகைக் கூரை), தரை முதல் கூரை வரை கண்ணாடி, தண்ணீர் தெளித்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டி என்று அது யோசனைகளை அடுக்குகிறது. சென்னையில் பத்தடி உயர அறையில் ஓர் அடியை ஜிப்சம் பலகைக்குக் கொடுத்துவிட்டால் மின்விசிறி தலைக்கு மேலேயே வந்து நிற்கும். மேற்குப் பார்த்த கண்ணாடிக்கு உள்பக்கம் எவ்வளவு கனமான திரை போட்டாலும் பயன் குறைவுதான். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயிலின் வெப்பம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள், வித்தியாசம் தெரியும்.

மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்கள் முதலில் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கக் குடியிருப்போர் சங்கத்தைச் சம்மதிக்கவைக்கட்டும் (அதுதான் பெரிய வேலை!). சோபாவின் நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெட்டிவேர்த் தட்டி மதுரையின் வறண்ட கோடைக்குப் பொருந்தும்; கடலோர ஈரக்காற்றில் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும், குளிர்ச்சியும் அந்த அளவுக்குத்தான்.