தேடல் அளவு பூஜ்யம்

"பிளாக், எஸ்இஓ எல்லாத்தையும் விட்டுட்டு மென்பொருள் பக்கம் போயிட்டீங்களாமே, கோடிங் கஷ்டமா இல்லையா?" என்று பலர் கேட்கிறார்கள். எஸ்இஓ என்றால், கூகுள் தேடலில் முன்னால் வரும்படி எழுதும் வேலை. கோடிங் கஷ்டம்தான். ஆனால் எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்டு டூலை நம்பும் பழக்கத்தை விடுவது அதைவிடக் கஷ்டம்.

தேடலுக்கு எழுதிப் பிழைப்பவர்களுக்கு, ஜனங்கள் கூகுளில் தட்டுவது மட்டும்தான் தேவை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் எத்தனை கட்டுரைகள்! அரசு இணையதள முகவரி ஒன்றைக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்று ஆரம்பித்து, ஊர் வரலாறெல்லாம் சொல்லி, கடைசிப் பத்தியில்தான் லிங்க் வரும். விளம்பர வருமானத்தின் கணக்கு அப்படி. அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் தேடலின் தலைமாட்டில் ஏஐ பதில்கள் இந்தியாவுக்கும் வந்தன. எனக்கு அதில் வருத்தமில்லை. வாசகருக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பத்திதானே.

இப்போது நான் செய்வது, கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் ஏஜென்ட்டுகளுக்கான கணக்கு மென்பொருள். எந்த டூலில் போட்டாலும் இதற்குத் தேடல் அளவு பூஜ்யம். தேடாதவர்களுக்குத் தேவை இல்லை என்று அர்த்தமா? இலை எடை போடும் இடத்தில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். நீள நோட்டில் விவசாயிக்கு ஒரு பக்கம். மழை நாளென்றால் ஈரத்துக்குக் கழிவு. நடுவில் வாங்கிய முன்பணம், உரத்துக்கான பாக்கி. மாதக் கடைசியில் ஏஜென்ட் வீட்டில் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து கூட்டுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல், விலை. மளிகைக் கடையில் பொருள் கை மாறும்போதே விலை தெரியும். இங்கே இலை இன்று ஃபேக்டரிக்குப் போகும், விலை பிறகுதான் வரும். குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் போகும் விலையை வைத்துப் பச்சைத் தேயிலைக்கான மாதச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கும். அப்புறம் ஃபேக்டரிக்கு ஃபேக்டரி வித்தியாசம் வேறு. அதனால் எடையை விலையே இல்லாமல் பதிந்து, மாதம் முடிந்தபின் விலையைச் சேர்த்து, பிடித்தம் போக மீதியைக் காட்ட வேண்டும். ஏஐயிடம் கொள்முதல் ஆப் கேட்டால் நொடியில் எழுதித் தருகிறது, சரி. இந்த விஷயத்தை அதற்கு யார் சொல்வது?

சிக்னல் இன்னொரு தலைவலி. பள்ளத்தில் இருக்கும் சில ஹட்டிகளில், அதாவது படுகர் கிராமங்களில், நெட் கிடைக்காது. எடை முதலில் போனிலேயே சேமிக்கப்பட்டு, மேட்டுக்கு வந்ததும் சர்வருக்குப் போக வேண்டும். பாதியில் அறுந்து மறுபடி அனுப்பினால் ஒரே மூட்டை இரண்டு தரம் ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு எடைக்கும் போனே ஒரு தனி அடையாள எண் போடுகிறது. அதே எண் திரும்ப வந்தால் சர்வர் தள்ளிவிடும். கட்டுரையில் 'சுமார்' என்று எழுதித் தப்பிக்கலாம். இங்கே அரைக் கிலோ குறைந்தால் ஏஜென்ட்டின் வாசலில் ஆள் நிற்கும்.

பழைய தொழில் வீண் போகவில்லை. தலைப்பு எழுதிப் பழகிய கைக்கு, பட்டனில் என்ன எழுதினால் புரியும் என்று தெரிகிறது.

கட்டணம்தான் இன்னும் இழுபறி. டிசம்பர், ஜனவரி உறைபனியில் இலை வரத்து குறையும். அந்த மாதங்களுக்குப் பணம் கேட்காதே தம்பி என்கிறார்கள். நியாயம்தான், ஆனால் சர்வர் வாடகை குறையாதே. பதிவாகும் எடைக்கு ஏற்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அப்படியென்றால் எத்தனை கிலோ எடுக்கிறோம் என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்றார் ஒருவர். ஏற்கெனவே எல்லாம் சர்வரில்தானே இருக்கிறது அண்ணா என்றதற்கு, "இருந்துட்டுப் போகட்டும், நீ பார்க்காதே" என்கிறார்.