"சொக் போச்சு"னு சொன்னவங்க அதைக் கழற்றிப் பார்த்தாங்களா?

ஞாயிற்றுக்கிழமை வந்த சைக்கிள் வீடியோவையும் அதுக்குக் கீழ கமென்ட்ல நடந்த கூத்தையும் எல்லாரும் பார்த்திருப்பீங்க. திரும்ப முழுக்கதையும் சொல்லப் போறதில்லை. மலையகத்து டிக்கோயாத் தம்பியோட மவுண்டன் பைக் பின்பக்கம் டொக் டொக்னு தட்டுது. கொழும்புல ஒரு கடையில சீட்டை நாலு தடவை அமுக்கிப் பார்த்துட்டு "சொக் போச்சு"ன்னாங்க, பின்பக்கத்துல அதிர்வைத் தாங்குற சொக் அப்சோபர்தான். புது சொக் போட்டாச்சு, காசும் வாங்கியாச்சு. மலைக்கு வந்து ஒரு இறக்கம் இறங்கினதும் அதே டொக் டொக். கேட்டா, "தோட்டத்து ரோட்டுல ஓட்டினா இப்படித்தான்"னு கடையில பதில். அதுக்கு நூத்துக்கணக்குல சிரிப்பு ஈமோஜி வேற.

சரி, ரோட்டைப் பத்திப் பிறகு பேசுவோம். முதல்ல ஒரு கேள்வி. சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு யாராவது பார்த்தாங்களா?

அலுமினிய ஃபிரேம் சத்தத்தைக் கடத்தும். பெடல்ல விழுற தட்டு சொக்குக்குள்ள கேட்கிற மாதிரி இருக்கும், சீட் கம்பியில விழுறது பின் சில்லுல கேட்கும். காதை நம்பி முடிவு எடுக்கிறவன் ஏமாந்துதான் போவான். அதனால முதல்ல ஓட்டிப் பார்க்கணும். எழுந்து நின்னு ஓட்டும்போது சத்தம் நின்னா சீட் கிளாம்ப், சீட் கம்பி. மிதிக்கும்போது மட்டும் வந்தா பெடல், கிராங்க், அடிப் பெயாரிங். மிதிக்காம குழியில இறங்கும்போது வந்தாத்தான் பின் சஸ்பென்ஷன் பக்கமே போகணும். அதுக்கும் முன்னாடி, போத்தல் கூடு, ஃபிரேமுக்குள்ள ஓடுற கேபிள், பின் அச்சு, பிரேக் டிஸ்க் போல்ட் எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பார்க்கணும். இதெல்லாம் காசு செலவில்லாத வேலை.

அடுத்தது விரல் சோதனை. சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தி, பின் சில்லு தரையை விட்டுக் கிளம்பப் போற அளவுக்கு மட்டும் ஃபிரேமைப் பிடிச்சுத் தூக்கி இறக்கணும். சீட்டைப் பிடிச்சுத் தூக்காதீங்க. ஏறி இறங்குற டிராப்பர் சீட் கம்பியில இயல்பாவே கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது உங்களைக் குழப்பும். தூக்கி இறக்கும்போது இன்னொரு ஆள் சொக்கோட கண்ணிலயும் (முனையில போல்ட் போற துளை) அதைப் பிடிச்சிருக்கிற ஃபிரேமிலயும் சேர்த்து விரலை வைக்கணும். ரெண்டுக்கும் நடுவுல ஆட்டம் இருந்தா விரலுக்கு உடனே தெரியும். மேல் கண், கீழ் கண், சொக்கை ஃபிரேமோட இணைக்கிற லிங்க், ஃபிரேம் அசையுற மூட்டான பிவட், ஒவ்வொண்ணா வைச்சுப் பார்த்தா முடிஞ்சது. இதுக்கு எந்த மெஷினும் வேணாம். சீட்டை அமுக்கிப் பார்க்கிறதால இது தெரியவே தெரியாது, ஏன்னா அமுக்கும்போது பாரம் ஒரே பக்கமா இருக்கும். பாரம் திசை மாறும்போதுதான் ஆட்டம் தட்டும்.

சொக் கண்ணுக்குள்ள மெல்லிசா ஒரு புஷ் இருக்கும், டியூ புஷ்னு சொல்றது. உலோக உறைக்கு உள்பக்கம் வழுவழுப்பான டெஃப்லான் பூச்சு. ஃபொக்ஸ், ரொக்‌ஷொக்ஸ் கம்பெனி சொக் ரெண்டுலயும் அந்தப் பழக்கமான புஷ்ஷோட உள் விட்டம் 12.7 மி.மீ. அதுக்குள்ள குழாய் மாதிரி ஒரு உலோகப் பின் (pin), பின்னுக்குள்ள போல்ட். பூச்சு தேஞ்சு பித்தளை நிறம் தெரிஞ்சா புஷ் முடிஞ்சது. பின் கையால தள்ளினதும் தானா விழுந்தாலும் அதே கதைதான். இங்கதான் நிறையப் பேர் போல்ட்டை இறுக்குறாங்க. இறுக்கிப் பிரயோசனம் இல்லை. போல்ட் பின்னைத்தான் ஃபிரேமோட சேர்த்து இறுக்கும். ஆட்டம் இருக்கிறது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல. முறியுற வரைக்கும் இறுக்கினாலும் அந்த இடைவெளி குறையாது. கிறீஸ் அடிச்சா கொஞ்ச நாள் சத்தம் அடங்கும், அவ்வளவுதான்.

அதுவும் இல்லைன்னா சொக்கைக் கழற்றி எடுத்துட்டு, பின் சில்லைக் கையால மேலும் கீழும் அசைக்கணும். மணல் அரைக்கிற மாதிரி இருந்தா, இல்லை குறுக்கே ஆட்டினா டிக்னு தட்டினா, பிவட் பெயாரிங். 6902, 6802, 6900னு பெயாரிங் மேலயே நம்பர் இருக்கும். 6902ன்னா உள் விட்டம் 15, வெளி விட்டம் 28, அகலம் 7 மி.மீ. நம்பரைக் காட்டினா நல்ல பெயாரிங் கடையிலயே கிடைக்கும், சைக்கிள் கடைக்குத்தான் போகணும்னு இல்லை. திரும்பப் பூட்டும்போது போல்ட்டுக்கு மரை கழலாமப் பிடிக்கிற நீலநிறப் பசை ஒரு சொட்டு, டோர்க் (இறுக்குற விசை) ஃபிரேம் தயாரிச்சவன் சொன்ன அளவு. சுத்தியலால அடிச்சு ஏத்தாதீங்க, ஏத்தினா பெயாரிங் உட்கார்ற இடமே கோணும்.

"அப்போ சொக்கே போகாதா?"ன்னு கேட்பீங்க. போகும். அமுக்கி விட்டதும் தடையே இல்லாம துள்ளி எழும்பினா, நொச்சு நொச்சுன்னு நுரைச்ச சத்தம் வந்தா, தண்டுல எண்ணெய் கசிஞ்சா, சொக்குக்குத்தான் வேலை. வேலைன்னா சேர்விஸ். மாத்துறது இல்லை. காத்து சொக்குக்கு இன்னொரு தட்டும் உண்டு. முழுசா விரியும்போது மேல வந்து தட்டும். பம்ப் பண்ணினதும் மெதுவா பத்துத் தடவை அமுக்கி எதிர்க் காத்தறைக்கு (சொக்குக்குள்ள எதிர்ப்பக்கமாத் தள்ளுற அறை) காத்துப் போக விட்டா அது அநேகமா நின்னுடும். இந்தப் பத்து அமுக்கைச் செய்யாம "புதுசு போடணும்"னு சொல்ற கடையும் இருக்கு!

கமென்ட்ல ஒருத்தர் "கொழும்புல சத்தமே வரலையே, மலையில மட்டும் வருதுன்னா ஓட்டுறவன் பிழை"ன்னு எழுதியிருந்தார். ஐயா, கொழும்புல 30 பாகைச் சூட்டுல 200 பீ.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காத்து அடிச்ச சொக் நுவரெலியாவில 15 பாகைக் குளிருக்கு வந்தா பத்துக்கிட்ட இறங்கும். 1868 மீட்டர் உயரத்துல வெளிக் காத்தழுத்தம் குறையறதால மூணு போல திரும்பக் கிடைக்கும். மிச்சம் ஏழு எட்டு பீ.எஸ்.ஐ. நட்டம். ஏற்கெனவே காத்துக் குறைவா வைச்சிருக்கிறவனுக்கு அது அடியில போய் இடிக்கப் போதும். இங்க வந்ததும் சாக் (sag), அதாவது ஏறி உட்கார்ந்தா சொக் எவ்வளவு அமுங்குதுன்னு, திரும்பப் பார்க்கணும், முழு அமுக்கத்துல 25லிருந்து 30 சதவீதம். இதைக் கடைக்காரன் சொல்லி அனுப்பியிருக்கணும். நீங்க ஓட்டுறவனைத் திட்டுறீங்க.

இன்னொருத்தர் "கடைக்காரனும் பிழைக்கணும்ல"ன்னார். பிழைக்கட்டும். அதுக்கு மேல அவருக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை.

இப்ப அந்த "தோட்டத்து ரோட்டு" கதை. ரோடு மோசம்தான், யார் இல்லைன்னா? மழை வந்தா சேறு, வெயில் வந்தா செம்மண் தூசி. பெயாரிங் சீலை அது தின்னும், அதுவும் மோட்டார் சைக்கிள் கழுவுற சேர்விஸ் ஸ்டேஷன்ல அழுத்தத் தண்ணியைப் பிவட் மேல நேரா அடிச்சா இன்னும் சீக்கிரம் தின்னும். அடிக்காதீங்க. ஆனா மவுண்டன் பைக்கை மலையில ஓட்டாம காலிமுகத்திடல்லயா ஓட்டுறது? பேர்லயே மலை இருக்கு. ஹப்புத்தளை, எல்லப் பக்கம் வெளிநாட்டுக்காரன் இதே ரோட்டுல ஓட்டினா "அட்வென்ச்சர்"னு போட்டோ போடுறீங்க. தோட்டத் தொழிலாளர் லயத்துப் பையன் ஓட்டினா "இவனுக்கு எதுக்கு இந்த சைக்கிள்". அவன் சம்பளத்துல சேர்த்து வைச்சு, பழசாப் பார்த்து வாங்கின சைக்கிள் அது. யார் வீட்டுக் காசும் இல்லை. ஹட்டன்ல லொறி பார்க்கிற எந்த மெக்கானிக் பாஸைக் கேட்டாலும் முதல்ல கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, புஷ்ல ஆட்டம் இருக்கான்னுதான் பார்ப்பார். எடுத்ததும் சொக்கை மாத்தச் சொல்ல மாட்டார். அவருக்கு ஏசி ஷோரூம் இல்லை, அதனால நீங்க அவரை நம்ப மாட்டீங்க.

"நீ என்ன எஞ்சினியரா?" இல்லைங்க. அலன் கீ இருக்கு, விரல் இருக்கு.

நேத்து அந்த சைக்கிளைக் கழற்றியாச்சு. பிவட் பெயாரிங் அத்தனையும் நல்லா இருக்கு, ஃபிரேம்ல கீறல்கூட இல்லை. புது சொக்கும் நல்ல சொக்தான். ஆனா பழைய சொக்குல இருந்த பின்னையே துடைச்சு இதுல போட்டிருக்காங்க! கீழ்ப் பின்னுல நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம். புது சொக் புஷ்ஷோட வரும், பின் தனியா வாங்கணும், ஃபிரேம்ல அது உட்கார்ற அகலத்தை வேர்னியர்ல அளந்து, போல்ட் விட்டத்தையும் பார்த்து. அதுக்குச் சோம்பல். தேஞ்ச பின் தட்டாம என்ன செய்யும்? அதோட விலை சொக் விலையில ஒரு மூலைக்கும் வராது.

தம்பி, புதுப் பின் வரும் வரைக்கும் பெரிய இறக்கம் இறங்காதீங்க, அந்தப் பள்ளம் புது புஷ்ஷையும் தேய்ச்சுடும். கடைக்காரருக்கு ஒண்ணே ஒண்ணு. பழைய சொக்கை "ஸ்கிராப்தானே, இங்கயே கிடக்கட்டும்"னு வாங்கி வைச்சீங்களே, அதை இந்தக் கிழமைக்குள்ள ஹட்டன் பஸ்ல போட்டு அனுப்பிடுங்க. பஸ் கூலியை நாங்க கொடுக்கிறோம்.