கிளவுட் திட்டம் போடுகிறவர்கள் ஒரு தடவை நைட் ஷிப்டுக்கு வாருங்கள்

பினாங்கில் இப்போது எந்தப் பெரிய கம்பெனியின் ஐடி ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரே கதைதான். "கிளவுடுக்கு மாறிக்கிட்டு இருக்கோம்." அதாவது சொந்த சர்வரை விட்டுவிட்டு, இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு. பழையதிலேயே நிற்க முடியாது, அதில் வாதமே இல்லை. மின்னஞ்சலை ஓட்டும் எக்ஸ்சேஞ்ச் சர்வர் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. கோப்புகளைப் பகிர்ந்து வைக்கும் ஷேர்பாயிண்ட் சர்வர் 2016, 2019-க்கு 2026 ஜூலை 14 கெடு. வேலைகளைக் கண்காணிக்கும் ஜிரா, குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் கான்ஃப்ளூயன்ஸ் இரண்டையும் சொந்த சர்வரில் ஓட்டியவர்களுக்கு அட்லாசியன் 2024 பிப்ரவரியில் கடையைச் சாத்தியது. மிச்சமிருந்த டேட்டா சென்டர் பதிப்புக்கும் 2029 மார்ச்சில் மூடுவிழா என்று அறிவித்துவிட்டது. எப்போது போவது என்பதை விற்கிறவன் முடிவு செய்துவிட்டான். எப்படிப் போவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதில்தான் சொதப்புகிறோம்.

என் பார்வைக்கு வரும் திட்ட அறிக்கைகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுவான குணம். மேசை, நாற்காலி, லேப்டாப் உள்ள மனிதர் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு எழுதியிருப்பார்கள். அவர் காலையில் மைக்ரோசாப்டின் பேச்சு, மீட்டிங் செயலியான டீம்ஸைத் திறப்பார், மீட்டிங்கில் சேர்வார், ஒன்டிரைவில் கோப்பைப் பகிர்வார். பினாங்கின் பாயான் லெப்பாஸில் உள்ள தொழிற்சாலைகளைப் பாருங்கள். 1972-இல் சுதந்திர வர்த்தக வளாகமாகத் தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே பெரும்பாலானோர் உற்பத்தி லைனில் நிற்பவர்கள். ஷிப்டில் வருவார்கள், ஷிப்டில் போவார்கள். கம்பெனி மின்னஞ்சலே இல்லாதவர்கள் நிறையப் பேர். இவர்கள் யாரும் டீம்ஸ் போன்ற ஒத்துழைப்பு மென்பொருளுக்காகக் காத்திருக்கவில்லை. அவர்களுடைய கிளவுட் எப்போதோ வந்துவிட்டது, அதன் பெயர் வாட்ஸ்அப்.

ஷிப்ட் மாற்றும் நேரத்தில் லைன் லீடரின் கைப்பேசியை எட்டிப் பார்த்தால் புரியும். எந்த மெஷின் நின்றிருக்கிறது, எந்த ரீலில் தப்பான பாகம் வந்தது, யாருக்கு லீவ், யார் ஓவர்டைம், எல்லாம் ஒரே குரூப்பில் மலாயும் தமிழும் நேபாளியும் கலந்து ஓடும். குறையுள்ள சர்க்யூட் போர்டுக்குப் பக்கத்தில் பேனாவை வைத்து எடுத்த படம். அதன் கீழே குரல் பதிவு. அதற்கும் கீழே யாரோ ஒருவர் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து. டீம்ஸில் போடச் சொல்லியிருக்கிறார்களே என்று ஒரு லைன் லீடரிடம் கேட்டேன். "டீம்ஸ்ல போட்டா யாரு அண்ணே பாக்குறா? இதுல போட்டா ரெண்டு நிமிசத்துல டெக்னீசியன் வந்து நிப்பாரு" என்றார். அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கு வேலை நடக்க வேண்டும்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில் வாடிக்கையாளர் ஆடிட். சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு குறைபாட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், ஆதாரம் காட்டுங்கள் என்றார்கள். நடவடிக்கை எடுத்தது நிஜம், படமும் நிஜம். படம் மட்டும் ஒரு சூப்பர்வைசரின் கைப்பேசியில் இருந்தது. அவரோ அதற்குள் செபராங் பிறையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கடைசியில் முன்னாள் ஊழியருக்குப் போன் போட்டு "அண்ணே, அந்தப் படம் இன்னும் இருக்கா?" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அந்தக் கம்பெனி அப்போது ஒத்துழைப்பு மென்பொருளுக்காக மாதா மாதம் கணிசமான பணம் கட்டிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2021 அக்டோபர் 4 நினைவிருக்கிறதா? பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. நம் ஊர் நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கி ஏறக்குறைய விடியும்வரை. அலுவலக ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நைட் ஷிப்ட் விழித்திருந்தது. சேவை நின்றால் என்ன மாற்று என்று ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு பக்கம் இருக்கும். அதில் மின்னஞ்சல் வரும், கணக்கு, சரக்கு எல்லாம் பார்க்கும் ஈஆர்பி மென்பொருள் வரும், வாட்ஸ்அப் வராது. அதிகாரபூர்வமாக அது அங்கே இல்லையே!

சட்டப் பக்கம் இன்னும் சிக்கல். காய்ச்சல் என்றால் தொழிலாளி என்ன செய்கிறார்? கிளினிக்கில் வாங்கிய எம்சியை, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழை, படம் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்புகிறார். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், சில நேரம் என்ன நோய் என்பதும் அதில் இருக்கும். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் உணர்திறன் மிக்க தரவு. அந்தச் சட்டத்தை 2024-இல் திருத்தினார்கள். இப்போது அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். பெரிய பாதிப்பு தரும் தரவுக் கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சரி, ஒரு சூப்பர்வைசரின் கைப்பேசி பஸ்ஸில் தொலைந்து போகிறது என்று வையுங்கள். அதில் எத்தனை பேருடைய எம்சி இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? எழுபத்திரண்டு வருடம் கொடுத்தாலும் சொல்ல முடியாது.

இப்போது உரிமக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் மேலிடம் கேட்பது அதைத்தான். லைன் ஆட்களுக்கு மைக்ரோசாப்டில் எஃப்3 போன்ற மலிவான உரிமம் உண்டு. 2 ஜிபி அஞ்சல் பெட்டி, 2 ஜிபி ஒன்டிரைவ், ஆபீஸ் செயலிகள் உலாவியிலும் கைப்பேசியிலும் மட்டும். அவர்களுக்கு அது போதும். விஷயம் எங்கே மாட்டுகிறது என்றால் ஷேர்பாயிண்ட் இடத்தில். நிறுவனத்துக்கு 1 டிபி, அதற்கு மேல் அலுவலக ஆட்களுக்கான ஈ3 போன்ற உரிமம் ஒவ்வொன்றுக்கும் 10 ஜிபி சேரும். எஃப் உரிமத்துக்கு அந்த 10 ஜிபி கிடையாது. 6,000 பேர் வேலை செய்யும் இடத்தில் 1,000 பேர்தான் அலுவலக ஆட்கள் என்றால் கிடைப்பது சுமார் 11 டிபி. ஆள் கணக்கை வைத்துப் பெருக்கி 61 என்று எழுதிய அறிக்கையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதோடு ஷேர்பாயிண்ட் வழக்கமான அமைப்பில் ஒரு கோப்புக்கு 500 பதிப்புகள் வரை வைத்துக்கொள்ளும், அவையும் இடக் கணக்கில் சேரும். தினமும் பத்து பேர் திருத்தும் 40 எம்பி எக்செல் கோப்பு ஒன்று போதும். அப்புறம் கூடுதல் இடம் வாங்கு என்பார்கள். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 2024 மார்ச் முதல் 8 சதவீத சேவை வரி வேறு.

அந்தப் பதினொரு டிபியில் எதைக் கொண்டுபோய்ப் போடுகிறோம் என்பது அடுத்த வேடிக்கை. பழைய கோப்பு சர்வரை அப்படியே அள்ளிக் கொட்டுவதற்குப் பெயர் இடமாற்றம். பாட்டி வீட்டுப் பரணை அப்படியே புது காண்டோவுக்குத் தூக்கிப் போவது மாதிரி. 'ஃபைனல்', 'ஃபைனல் பாரு', 'ஃபைனல் பாரு பெத்துல்' என்று ஒரே கோப்பு மூன்று பெயரில் நிற்கும் (மலாயில் பாரு என்றால் புதியது, பெத்துல் என்றால் நிஜமானது). கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று என்று போய்ப் பாதையின் நீளம் 400 எழுத்தைத் தாண்டினால் ஷேர்பாயிண்ட் வாங்காது. பழைய சர்வரின் இசட் டிரைவைக் குறிவைத்து ஒன்றோடொன்று இணைத்த எக்செல் கோப்புகள் போன மறுநாளே அறுந்து நிற்கும். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு உங்கள் மேசைக்கு வரும், சிரித்த முகத்தோடு வராது.

தரவு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இப்போது எல்லாரும் ஒரு தயார் பதில் வைத்திருக்கிறார்கள்: "மலேசியாவிலேயே ரீஜன் வந்துடுச்சு." ரீஜன் என்றால் கிளவுட் கம்பெனியின் தரவு மையங்கள். வந்துவிட்டதுதான். அமேசான் 2024 ஆகஸ்டில் திறந்தது, மைக்ரோசாப்ட் 2025 மே மாதம் கோலாலம்பூர் வட்டாரத்தில் திறந்தது. அதற்காகப் பல வருடம் முன் தொடங்கிய உங்கள் கணக்கின் தரவு தானாக மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடாது. எங்கே இருக்கிறது என்று நிர்வாகப் பக்கத்தில் பார்க்கலாம். பார்க்காமலே அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப்பைத் தடை செய் என்று நான் சொல்லவில்லை. தடை போட்ட இடங்களில் குரூப்பின் பெயரை மாற்றிவிட்டுத் தொடர்ந்தார்கள், அவ்வளவுதான். பேச்சு அங்கேயே நடக்கட்டும். ஆதாரமாக நிற்க வேண்டிய மூன்று நான்கு விஷயங்களை மட்டும் பிரித்தெடுங்கள்: குறைபாட்டுப் படம், ஷிப்ட் ஒப்படைப்பு, எம்சி, பாதுகாப்புச் சம்பவம். ஒவ்வொன்றுக்கும் லைன் பக்கத்திலேயே ஒரு டேப்லட்டில் எளிய படிவம். வேலைக்கு வரும்போது தட்டும் அதே அட்டையைக் காட்டினால் உள்ளே போக வேண்டும். பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல்லைக் கையுறை போட்ட விரலால் யார் அடிப்பார்கள்? ஆள் வேலையை விட்ட அன்றே மனிதவளப் பிரிவின் பட்டியலிலிருந்து அவர் கணக்கு தானாக மூட வேண்டும். அவர் போட்டது மட்டும் கம்பெனியிடம் தங்க வேண்டும். லைன் லீடர் சொன்ன அந்த இரண்டு நிமிடத்துக்குள் டெக்னீசியனுக்குத் தகவல் போகவில்லை என்றால் இந்தப் படிவமும் செத்தது.

அடுத்த முறை விற்பனையாளர் பளபளப்பான ஸ்லைடுகளோடு வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்து வெளியேறினால் எங்கள் உரையாடல்களையும் படிவங்களையும் என்ன வடிவத்தில், எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள்? லைனில் வைக்கும் டேப்லட்டுகளுக்கும் அவற்றின் வைஃபைக்குமான செலவு உங்கள் விலைப்பட்டியலில் எத்தனையாவது வரியில் இருக்கிறது? முதல் கேள்விக்கு ஒரு கையேட்டின் இணைப்பை அனுப்புவார்கள். இரண்டாவதற்கு "அது உங்க ஸ்கோப், சார்" என்பார்கள்.